விவசாயக் குடும்பத்து வாலிபரும் சிற்றுண்டித் தொழிலும்

நெல்லையும் உளுந்தையும் விளைவித்து விற்பதோடு நில்லாமல், அவற்றைச் சமைத்து விற்கும் தொழிலிலும் இறங்க விரும்பும் வாலிபர்களை இக்காலத்தில் நம் கிராமங்களில் காண்கிறோம். பேருந்து நிற்குமிடத்திலோ, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாயிலிலோ, வாரச் சந்தை கூடும் திடலிலோ ஒரு சிறு கொட்டகை போட்டுக்கொண்டு, காலை வேளையில் இட்லி விற்றுத் தம் கையால் சம்பாதிக்க வேண்டுமென்று அவர்கள் எண்ணுகிறார்கள். வாலிபர் என்றது ஆண்பிள்ளைகளை மாத்திரமன்று. இத்தொழிலில் பெண்மக்களும் சம அளவில் ஈடுபடக்கூடும். நிலம் பங்கு பங்காகப் பிரிந்து ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஏக்கரே மிஞ்சியிருக்கும்போது, எல்லாப் பிள்ளைகளும் ஏரை நம்பியே ஜீவிப்பது சாத்தியமன்று. ஆகவே இம்முயற்சியைப் பெரியோர்கள் இகழ்வது தகாது. படித்த பிள்ளை கரண்டி பிடிப்பதா என்று கேட்பவர்கள், அதே பிள்ளை பட்டணத்தில் ஒருவருடைய ஹோட்டலில் மாதச் சம்பளத்துக்குக் கரண்டி பிடித்தால் ஒன்றும் கேட்பதில்லை.

ஆனால் இத்தொழிலில் விவசாயக் குடும்பத்தார்க்கென்றே ஏற்பட்ட ஓர் அபாயம் உண்டு. நிலமில்லாதவன் கடை வைத்தால் அரிசியும் பருப்பும் காசு கொடுத்து வாங்குகிறான். ஆகையால் நஷ்டம் வந்தால் ஒரு வாரத்துக்குள் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நிலமுள்ளவன் பிள்ளையோ வீட்டுக் குதிரிலிருந்து அரிசியையும், தோப்பிலிருந்து தேங்காயையும், கொல்லையிலிருந்து காய்கறியையும் எடுத்துக்கொள்கிறான். அவற்றுக்குக் கையிலிருந்து காசு போகாமையால் செலவென்றே தோன்றுவதில்லை. பெட்டியில் சேரும் பணமெல்லாம் லாபமென்று நினைத்துவிடுகிறான். நஷ்டம் கடையில் தெரியாமல், ஆண்டு முடிவில் களஞ்சியத்தில் தெரிகிறது. அப்பொழுது தகப்பனார் விவசாயத்தை நொந்துகொள்கிறாரேயன்றிக் கடையைச் சந்தேகிப்பதில்லை.

இதை ஒரு கணக்கினால் விளக்குவோம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழ்க்கண்டவை உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. கணக்குப் போடும் வழியே முக்கியம்.

ஒரு வாலிபன் தினந்தோறும் 300 இட்லி செய்கிறான் என்க. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுத்தம் பருப்புச் சேர்த்து அரைத்தால், இட்லி ஒன்றுக்கு 50 கிராம் மாவு வீதம் ஏறக்குறைய 50 இட்லிகள் கிடைக்கும். ஆகவே நாளொன்றுக்கு அரிசி 6 கிலோவும் பருப்பு ஒன்றரைக் கிலோவும் வேண்டும். இவற்றைக் கடையில் வாங்கினால் அரிசி கிலோ 50 ரூபாய் வீதம் 300 ரூபாய், உளுந்து கிலோ 130 வீதம் 195, தேங்காய் ஆறுக்கு 180, சாம்பாருக்குக் காய்கறி 100, ஆக 775 ரூபாய் ஆகும். இந்நான்கும் வீட்டில் விளைபவை. காசு கொடுத்தே வாங்கவேண்டியவை வேறு: எரிவாயு ஒன்றரைக் கிலோ 150, துவரம் பருப்பு 120, எண்ணெய், மிளகாய், பொட்டுக்கடலை முதலிய சில்லறைச் சாமான்கள் 100, இலையும் காகிதமும் 80, மாவரைக்கும் மின்சாரம் 20, ஆக 470 ரூபாய். உதவிக்கு நிற்கும் ஆளுக்கு அரை நாள் கூலி 300. இடத்து வாடகை 50.

இட்லி ஒன்று 8 ரூபாய் என்று விற்று, 20 இட்லி மிஞ்சிப்போனதாகக் கொண்டால், வரவு 2,240 ரூபாய். கையை விட்டுப் போன காசு 470, 300, 50, ஆக 820. மிச்சம் 1,420 ரூபாய் என்று வாலிபன் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறான். தாயாரும் அதையே அண்டை வீட்டாரிடம் சொல்லுகிறார்.

உண்மையான மிச்சம் எவ்வளவு? இங்கேதான் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். வீட்டு அரிசிக்குக் கடை விலையைச் செலவெழுதுவதும் சரியன்று. அந்நெல்லைத் தகப்பனார் விற்றிருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ, அதுவே அதன் கிரயம். அதனோடு அவித்து உலர்த்தி அரைத்த கூலியைச் சேர்க்கவேண்டும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசாங்கம் சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அரசாங்கக் கொள்முதலில் புழுங்கலரிசிக்குக் கண்டுமுதல் நூற்றுக்கு 68 என்று வைத்திருக்கிறார்கள். இதன்படி ஒரு கிலோ அரிசிக்குள் அடங்கிய நெல்லின் விலை சுமார் 35 ரூபாய். கூலியும் வண்டிச் சத்தமும் 5 ரூபாய் என்று கொண்டால், வீட்டரிசி கிலோ 40 ரூபாய் ஆகிறது. தவிடு மாட்டுக்குப் போவதால் அதன் மதிப்பைக் கழிக்கலாமே என்பார் சிலர். கழிக்கலாம், ஆனால் கிராம ஆலைகளில் கண்டுமுதல் 68-க்குக் குறைவதும் உண்டாகையால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். அவ்வாறே உளுந்தைத் தோல் நீக்கிய பருப்பாகக் கிலோ 110 என்றும், தேங்காயைத் தோப்பு விலையில் காய் 20 என்றும், காய்கறியை 60 ரூபாய் என்றும் எழுதினால், வீட்டுச் சரக்கு 240, 165, 120, 60, ஆக 585 ரூபாய்.

இன்னொரு செலவும் இருக்கிறது. அரவை இயந்திரம், அடுப்பு, இட்லிக் கொப்பரை, பாத்திரங்கள், மேஜை முதலியவற்றுக்கு 60,000 ரூபாய் முதல் போட்டு அவை ஐந்து வருஷம் உழைக்குமானால், வருஷத்துக்கு 300 நாள் வீதம் நாளொன்றுக்கு 40 ரூபாய் தேய்மானம். ஏர் மாட்டுக்கு வயதாவதை அறிந்த குடியானவருக்கு இதை விஸ்தரித்துச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே மொத்தச் செலவு 820, 585, 40 சேர்ந்து 1,445. மெய்யான மிச்சம் 795 ரூபாய். மாலையில் மாவரைக்க இரண்டு மணி நேரமும், விடியற்காலை நான்கு மணி முதல் பதினொரு மணி வரை ஏழு மணி நேரமும் ஆக ஒன்பது மணி உழைப்புக்கு இது கிடைக்கிறது. கெட்ட வருமானமன்று. ஆனால் 1,420 அன்று.

எல்லாச் சாமானையும் கடையில் வாங்கும் நிலமில்லாத போட்டிக்காரனுக்கு இதே வியாபாரத்தில் 605 ரூபாய் நிற்கும். நம் வாலிபனுக்கு அவனைவிட 190 ரூபாய் அதிகம். நிலம் தரும் அனுகூலம் அவ்வளவே. தரகு, கடை லாபம், ஏற்றுகூலி ஆகியவை மிஞ்சுவதால் வருவது அது. இதை இட்லிக் கணக்கில் பிரித்தால் ஒன்றுக்கு 68 காசுதான். ஆனால் வீட்டுச் சரக்கை இனாமாகக் கருதும் வாலிபன் என்ன செய்கிறான்? எதிர்க்கடையை வெல்லவேண்டுமென்று விலையை 6 ரூபாயாகக் குறைக்கிறான். வரவு 1,680 ஆகிறது. அவன் எண்ணப்படி அப்பொழுதும் 860 ரூபாய் மிச்சம். மெய்யாகவோ 235 ரூபாய், அதாவது மணிக்கு 26 ரூபாய். வயலில் களை எடுப்பவருக்குக் கொடுக்கும் கூலியே அதைவிட மேல். அவ்விலைக்கு இறங்கினால் எதிர்க்கடைக்காரனுக்கு நிற்பது 45 ரூபாயே. அவன் கடையை மூடுவான், அல்லது மூடாமல் சரக்கின் தரத்தைக் குறைப்பான். ஊராருக்கும் இதில் நன்மை இல்லை.

வருஷக் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நாளொன்றுக்கு 6 கிலோ வீதம் 300 நாளைக்கு 1,800 கிலோ அரிசி. அதற்கு நெல் இருபத்தாறரைக் குவிண்டால். நல்ல விளைச்சல் கண்ட ஓர் ஏக்கரின் ஒரு போகத்துக்கு ஈடானது. நெல்லின் கிரயம் மட்டும் 62,000 ரூபாய்க்கு மேல். வீட்டுச் சரக்கு முழுவதும் சேர்ந்தால் ஆண்டுக்கு 1,75,500 ரூபாய். இவ்வளவும் ஏட்டில் ஏறாமல் போனால், அடுத்த சாகுபடிக்கு விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்க நேரிடும். மேலும் ஒரு பிள்ளை கடையிலும் மற்றொரு பிள்ளை வயலிலும் உழைக்கும் வீட்டில், வயலில் உழைப்பவனுடைய பாடு முழுவதும் கடைக்காரனுடைய லாபமாகப் பேர்பெறுகிறது. பாகப் பிரிவினைக் காலத்தில் இதைப் பற்றி எழும் வாக்குவாதத்தைக் கிராமத்துப் பஞ்சாயத்தார் எந்தச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பார்கள்? எழுத்து இல்லாத இடத்தில் இருவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கும்.

எழுதும் முறை

இரண்டு நோட்டுப் புஸ்தகங்கள் போதும். ஒன்று அன்றாடச் சிட்டை, மற்றொன்று பேரேடு. பேரேட்டில் வீட்டின் பேருக்கே ஒரு பக்கம் திறந்து, குதிரியிலிருந்து எடுத்த ஒவ்வொரு படியையும் கடையின் பற்றாக எழுதவேண்டும். அளந்து எழுதுவதைவிட நிறுத்து எழுதுவது நலம். படி தலைதட்டியும் இருக்கும், குவிந்தும் இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமையென்று வைத்துக்கொள்ளலாம், அவ்வாரத்துச் சரக்கின் கிரயத்தை வாலிபன் ரொக்கமாகத் தகப்பனார் கையில் கொடுத்துவிடவேண்டும். பிள்ளையிடம் காசு வாங்குவதா என்று தகப்பனார் கூச்சப்படலாகாது. தொடக்கத்தில் உதவி செய்ய விரும்பினால், ஒரு தொகையைக் குறிப்பிட்டு, இத்தனை மாதத்தில் திருப்பித் தரவேண்டுமென்று சொல்லிக் கொடுப்பதே உதவி. கணக்கின்றிக் குதிரியைத் திறந்துவிடுவது உதவியாகாது.

மாறாக, கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சாப்பாட்டையும் எழுதவேண்டும். மிஞ்சிய இட்லி, சாம்பார், சில்லறை நாணயங்கள் எல்லாம் வீட்டுக்குள் கரைந்துபோவதைப் பலர் கவனிப்பதில்லை. வாலிபன் தன் சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணத்தைக் கூலியென்று ஒரு தொகை நிர்ணயித்து அதற்குள் அடக்கிக்கொள்வது உத்தமம்.

கடன் விற்பனையைப் பற்றி ஒரு சொல். நடவு முடிந்து அறுவடை வரும்வரை கிராமத்தில் ரொக்கம் குறைவு. சொந்தக்காரர், பள்ளித் தோழர், வழக்கமாக வரும் கூலியாட்கள் எல்லாரும் அறுவடையானதும் தருவதாகச் சொல்வார்கள். முழுவதும் மறுப்பது கிராமத்தில் நடக்கிற காரியமன்று. ஒரு வாரத்துக்கு மேற்படாமலும், ஒருவருக்கு இவ்வளவுதான் என்றும் வரம்பு வைத்து, அதையும் பேரேட்டில் அவரவர் பேரில் எழுதி வரவேண்டும். சமைத்த பண்டம் வட்டிக்கு விடத்தக்க பொருளன்று.

அரிசியும் மாவும்

எந்த நெல்லும் இட்லிக்கு உதவுமென்று கருதவேண்டாம். நல்ல விலைக்குப் போகும் சன்ன ரகத்தை இட்லிக்கு ஊறவைப்பது வீண். ஆடுதுறை 37, அம்பாசமுத்திரம் 16 போன்ற குண்டு ரகங்களின் புழுங்கலரிசியே இதற்கு ஏற்றது. ஆகவே கடை வைக்கும் வீட்டார் தம் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் இவ்வகைக்கு ஒதுக்கி, மற்றதில் சந்தைக்குரிய ரகத்தைப் பயிரிடுவது லாபம். அறுத்தவுடன் ஆக்கிய புதுநெல் அரிசி குழைந்து பிசுபிசுக்குமாகையால், சில மாதம் இருப்பு வைத்த நெல்லையே எடுக்கவேண்டும்.

மாவு பொங்குவது நுண்ணுயிர்களின் வேலை. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் அவை பெருகிப் புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன. அக்காற்றை வெளியே விடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. பழைய உளுந்தில் இப்பசை குறைந்திருக்குமாகையால், எவ்வளவு அரைத்தாலும் மாவு காணாது. அரைக்கும்போது மாவு சூடேறாதபடி குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விடவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரத்துக்குள் பொங்கிவிடும் மாவு, மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் கேட்கும். ஆதலால் அரைக்கும் வேளையைப் பருவத்துக்குத் தக்கபடி மாற்றவேண்டுமேயன்றி, சோடா உப்பைப் போட்டுச் சரிக்கட்டுவது வழக்கமாகக் கூடாது. சாப்பிடுகிறவர் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

சுத்தம்

சமைத்து விற்பவர் ஒரு நாள் அஜாக்கிரதையாக இருந்தால் ஊரில் பல வீடுகளில் வயிற்றுப்போக்குக் காணும்; கடையும் அத்தோடு போகும். எல்லாவற்றிலும் சீக்கிரம் கெடுவது தேங்காய்ச் சட்டினி. காலைக்கெல்லாம் சேர்த்து ஒரே தடவையாக அரைத்து வைக்காமல், இரண்டு மூன்று தடவையாக அரைக்கவேண்டும். மிஞ்சியதைப் புதியதோடு கலப்பது பெருந்தவறு. சாம்பாரும் சோறும் 60 டிகிரி செல்ஷியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்கவேண்டும். குளிரவைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழே. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வெதுவெதுப்பில்தான் கிருமிகள் பெருகுகின்றன. சோற்றை வேகவைத்தபின்பும் சாகாத கிருமி வித்துக்கள் உண்டென்பதையும், அவை ஆறிய சோற்றில் விஷத்தை உண்டாக்குமென்பதையும், அவ்விஷம் மறுபடி சூடுபடுத்தினாலும் போகாதென்பதையும் மதியச் சாப்பாடும் போடுகிறவர்கள் மறக்கலாகாது.

வடை, பூரி பொரிக்கும் எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு, 2018-ஆம் வருஷம் ஜூலை முதல் சட்டப்படி ஓர் எல்லை ஏற்பட்டிருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுக்கேறினால் கொட்டிவிடவேண்டியதே. அச்சடித்த செய்தித்தாளில் பண்டங்களைக் கட்டிக் கொடுப்பது தகாதென்று 2016-லேயே எச்சரித்திருக்கிறார்கள். மசியிலுள்ள பொருள்கள் எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். பிளாஸ்டிக் தாளும் பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடுக்கப்பட்டிருக்கின்றன. இதனால் வாழைத்தோட்டக்காரருக்குக் கிழிந்த இலைக்கும் கிராக்கி உண்டாயிற்று. சொந்தத் தோட்டத்து இலையானால் அதையும் வீட்டின் பேரில் பற்றெழுத வேண்டும்.

சட்ட விஷயங்கள்

2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு கடைகளையும் கட்டுப்படுத்தும். அதன்கீழ் 2011-இல் வகுத்த விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களைப் பெரிய உரிமம் இன்றிப் பதிவுச் சான்று மட்டும் பெறும் வகுப்பில் சேர்த்தன. நாம் மேலே காட்டிய கடையின் ஆண்டு வரவு 6,72,000 ரூபாய் ஆகையால் அவ்வரம்புக்குள் அடங்கும். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படுபவை. விண்ணப்பிக்குமுன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்துக்கொள்க. வீட்டு உபயோகத்துக்கென்று கொடுக்கப்படும் 14.2 கிலோ எரிவாயு உருளையைக் கடையில் வைப்பது குற்றம். வியாபாரத்துக்கு 19 கிலோ உருளை வேறாக உண்டு. அதன் விலை அதிகமென்று வீட்டு உருளையைக் கொண்டுபோகும் வாலிபன், களஞ்சியத்து அரிசியில் செய்த தப்பையே இங்கும் செய்கிறான். அபராதம் ஒன்றே வித்தியாசம்.

பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகையால் வாடகைச் சீட்டும் வங்கிக் கடனும் அதற்குக் கீழ்ப்பட்டவர் பேரில் எழுதக்கூடாது. அவர்கள் பெரியோருடன் இருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கது உண்டு. சந்தைத் திடலில் கடை போட இடம் ஒதுக்கும்போது, குழாய்த் தண்ணீருக்கு அருகிலும் குப்பைக் குழிக்குத் தூரத்திலும் ஒதுக்கவேண்டும். பல ஊர்களில் இதற்கு நேர்மாறாக, குப்பை மேட்டை ஒட்டிய இடமே சிற்றுண்டிக் கடைக்கு மிஞ்சுகிறது. கை கழுவும் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகாமல் ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சுவது பெருஞ்செலவன்று. இருப்பிடச் சான்று முதலியவை கேட்டு வருகிற வாலிபர்களைப் பலமுறை அலையவிடாமல் அனுப்பினால், அவர்களுடைய காலை வியாபாரம் கெடாது.

2015-இல் ஏற்பட்ட முத்ரா திட்டத்தில், புதிதாய்த் தொழில் தொடங்குவோர்க்கு முதற்படியாக 50,000 ரூபாய் வரையில் ஈடின்றிக் கடன் கொடுக்கும் ஏற்பாடு அமைந்தது. வங்கிக்குப் போகும் வாலிபன், கடன் கேட்குமுன் மூன்று மாதம் சிறு அளவில், நாளொன்றுக்கு 100 இட்லி என்று வைத்துக்கொண்டு நடத்திப் பார்த்து, வீட்டுச் சரக்கின் கிரயம் எழுதப்பட்ட சிட்டையைக் கையில் எடுத்துச் செல்வானாக. அச்சிட்டையை முதலில் தகப்பனாரும், வயலில் உழைக்கும் சகோதரனும் பார்த்து ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு மாத முடிவிலும் கையெழுத்திட்டிருக்கவேண்டும்.